மாமியார் வீட்டில் பேஸுக்குக் கம்பி மாற்றக் கூடாது

எங்கள் மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மேடையை விட்டு இறங்கியவர்கள், இன்னும் இறங்காதவர்கள், இறக்கிவிடப்பட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. போன வாரம் ஒருவர் அதில் கேட்டிருந்தார்: "நின்னுக்கிட்டு வாசிக்கிற எலக்ட்ரிக் பேஸ் வாங்கியிருக்கேன். எந்தக் கம்பி போடலாம், எப்படி செட் பண்ணலாம்?" ஒரு மணி நேரத்தில் நாற்பது பதில்கள் வந்துவிட்டன. ஒருவர் இரும்புக் கம்பிதான் என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர் நைலான் என்றார். இரண்டு பேர் பழைய சண்டை ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டார்கள். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். நானும் பதில் தட்டினேன். கட்டைவிரல் வலிக்கும்வரை தட்டியும் பலாப்பழம் வருகிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாடு. மனைவி அமுதாவுக்கு வளப்பூர் நாடு. மிளகுக் கொடி ஏற்றிப் பிழைத்திருக்க வேண்டியவன், சேலத்தில் ஓர் இசைக்குழுவில் ஸ்பீக்கர் பெட்டி தூக்கப் போனேன். பெட்டி தூக்கியவன் வயர் சுற்றினேன், வயர் சுற்றியவன் மைக் சரிபார்த்தேன். பேஸ் வாசித்தவர் துபாய் போனதும் "அதை எவனாவது பிடிங்கடா" என்றார்கள், நான் பிடித்தேன். என் பயிற்சிக் காலம் முழுவதும் அவ்வளவுதான். அதன்பிறகு முப்பத்தொரு வருடம் அதை விடவில்லை.

நின்றபடி வாசிக்கும் எலக்ட்ரிக் பேஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரப் பெரிய வயலினிலிருந்து வயிற்றை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்குமோ அதுதான். ஒரு நீளக் கட்டை, நான்கு கம்பி, கீழே ஒற்றைக் கால். மின்சாரம் இல்லாவிட்டால் அதன் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. மின்சாரம் இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை என் மாமியார் நல்லம்மாள் ராசிபுரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து, "எல்லாரும் வாசிச்சாங்க, நீங்க எப்ப மாப்பள வாசிப்பீங்க?" என்று கேட்டார். நான் வாசித்து முடித்துவிட்டேன் என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "சும்மா நிக்க உட்டுப்போட்டாங்களாட்ட இருக்குது" என்று மகளிடம் சொன்னார். அன்று முதல் அந்த வீட்டில் என் தொழில், மேடையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

எங்கள் குழுத் தலைவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். ஆர்மோனியக்காரர். எல்லாரையும் 'சாமி' என்பார். கோபம் வந்தாலும் அதே சாமிதான், குரல் மட்டும் இறங்கும். சாமி எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு ஆபத்து. அவருக்கு இரண்டு சட்டங்கள். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரும் கம்பி மாற்றக் கூடாது, புதுக் கம்பி இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும் என்பது முதல் சட்டம். இரண்டாவது, எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி வைப்பார். என்னை ஒவ்வொரு கம்பியாக மீட்டச் சொல்லிவிட்டு டம்ளர் பக்கத்தில் குனிந்து நிற்பார். தண்ணீர் நடுங்க வேண்டும், சிந்தக் கூடாது. நடுங்காவிட்டால் பேஸ் போதாது, சிந்திவிட்டால் அதிகம். சரியாக இருந்தால் அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டுப் போய்விடுவார். இதைவிட நல்ல கருவியை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

கம்பியின் உயரத்துக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. விரல் அழுத்தும் பலகை முடிகிற இடத்தில், பலகைக்கும் கம்பிக்கும் நடுவே, மெல்லிய கம்பிக்கு அடியில் ஒரு பீடி நுழைய வேண்டும். தடித்த கம்பிக்கு அடியில் ஒரு பென்சில் நுழைய வேண்டும். அதற்குக் கீழே போனால் கம்பி பலகையில் மோதிக் கரகரக்கும், மேலே போனால் விரல் போய்விடும். எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் பேஸ் பையில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். அதை வைத்து அமுதாவுக்கும் எனக்கும் நடந்த சண்டைகளைத் தனியாக எழுதலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு என் பேஸில் இருந்தது சொரசொரப்பான இரும்புக் கம்பி. ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் மிக மெதுவாக, "சாமி" என்றார்.

"உன் சத்தம் பட்டறையில இரும்பு அடிக்கற மாதிரி இருக்குது சாமி. பேஸுன்னா வட்டமா வரணும். செல்வம் கீபோர்டுல எடது கையில வாசிக்கறான், அது வட்டமா வருது. கொல்லிமலைக் கச்சேரிவரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் எடது கையே போதும்."

செல்வம் நல்ல பையன், கீபோர்டுக்காரன், என்னைப் பார்க்காமல் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பேஸைத் தவிர எதுவும் தெரியாது. பெட்டி தூக்க முதுகும் இல்லை. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

வட்டமான சத்தம் வேண்டுமானால் நைலான் உள்ளே வைத்துச் செம்பு சுற்றிய கம்பி போட வேண்டும் என்று தெரியும். எங்கள் குழுவின் பழைய பேஸில் அதை வாசித்திருக்கிறேன், வெண்ணெய் மாதிரி இருக்கும். சென்னைக்குச் சொல்லி அனுப்பினேன். அது ஒரு வாரம் முன்பே வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கச்சேரிக்கு முந்தின நாள் வந்தது.

கச்சேரி, வளப்பூர் நாட்டில் என் மாமியார் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு. நான் ஒருநாள் முன்னதாகவே பேஸோடு பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அதை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது பக்கத்து சீட்டுக்காரரின் தாடையைத் தேடிப் போனது. முப்பதாவது வளைவில் அவர், "மொளகு பறிக்கற ஏணிங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். எங்கள் மலையில் சில்வர் ஓக் மரத்தில் சாத்தி ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணியைப் பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்? அதற்கப்புறம் அவர் மரியாதையாகத் தாடையை ஒதுக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மாமியார் வீட்டு வாசலில் பாய் விரித்துக் கம்பி மாற்றினேன். இதை முறையாகச் சொல்கிறேன், வாட்ஸ்அப்காரர் குறித்துக்கொள்ளலாம். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றக் கூடாது, கழற்றினால் குதிரை விழுந்துவிடும். குதிரை என்பது கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு. ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு. நைலான் கம்பி தடிமன், அதனால் மேலே கம்பி உட்காரும் பள்ளங்களை உருட்டு அரத்தால் நான்கைந்து இழுப்பு அகலப்படுத்த வேண்டும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் கம்பி வழுக்கி நகரும். குதிரை சாயாமல் நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பீடி நுழைத்துப் பார்க்க வேண்டும், பென்சில் நுழைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் செய்தேன். வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி இல்லை. கட்டையில் காதை ஒட்டவைத்து மீட்டிப் பார்த்தேன். வட்டமென்றால் வட்டம், அப்படி ஒரு வட்டம். கழற்றிய இரும்புக் கம்பி நான்கையும் சுருட்டிச் சன்னலில் வைத்துவிட்டு, பேஸைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன்.

மதியம் குழு வேனில் வந்து சேர்ந்தது. மாமியார் வீட்டில்தான் எல்லாருக்கும் சாப்பாடு. நான் மேடையில் வயர் இழுத்துக்கொண்டிருந்ததால் போகவில்லை. நான்கு மணிக்கு மாஸ்டர் வந்தார், கையில் ஒரு பலாப்பழம் தொங்கியது. "உன் மாமியா குடுத்தாங்க சாமி" என்று ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விட்டால் பையன்கள் தின்றுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆறு மணிக்கு டம்ளர் என்று சொல்லிவிட்டு, பழத்தையும் தூக்கிக்கொண்டு முகம் கழுவி ஓய்வெடுக்கப் போனார்.

அதற்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று வயரைச் செருகி மீட்டினேன். சத்தம் இல்லை. வயரை மாற்றினேன். இல்லை. பெட்டியைத் தட்டினேன், அது தும்மியது, ஆகவே பெட்டி நன்றாக இருக்கிறது. இரும்புச் சாவியைக் கம்பிக்குக் கீழே ஆட்டிப் பார்த்தேன், டும் என்றது. அந்த டும்மில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பழைய பேஸ் குதிரையின் அதிர்வை எடுத்துக்கொள்ளும். அதில் கயிற்றைக் கட்டினாலும் சத்தம் வரும். என் பேஸில் இருப்பது காந்தம். காந்தத்தின் மேல் இரும்பு ஆடினால்தான் சத்தம். என் பேஸில் காந்தம் இருப்பது எனக்குத் தெரியும். காந்தம் நைலானையும் செம்பையும் இழுக்காது என்பதும் ஆறாம் வகுப்பில் படித்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இருபது வருட அனுபவத்தோடு நான் மேடைக்குக் கொண்டுவந்திருந்தது ஓர் ஊமைக் கட்டை.

"வவுறு சரியில்ல" என்று செல்வத்திடம் சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்கு ஓடினேன். சன்னலில் கம்பி இல்லை.

"அத்தை, இங்க கம்பிங்க வெச்சிருந்தனே?"

"அதுங்களா மாப்பள? தூக்கிப்போட வெச்சீங்கன்னு நெனச்சனுங்க. நல்ல கம்பி, எதுக்கு வீணாக்கோணும்?"

வீணாக்கவில்லை. மூன்றாவது கம்பி கொல்லைப்புறத்தில் கொடிக்கம்பியாகியிருந்தது. இரண்டு துண்டும் மாமியாரின் ரவிக்கை ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது கம்பி ஆட்டுப்பட்டியின் படல் கதவை இழுத்துக் கட்டியிருந்தது. மெல்லிய கம்பி சுரைப் பந்தலில் ஒரு சுரைக்காயைத் தாங்கிக்கொண்டிருந்தது. காலை ஒன்பதுக்கும் மதியம் மூன்றுக்கும் நடுவில் இவ்வளவும் நடந்திருக்கிறது. நான் ரவிக்கையை மரியாதையாக மடித்து வைத்துவிட்டுக் கொடியை அவிழ்த்தேன். படலை அவிழ்த்ததும் ஆடுகள் வெளியே வந்தன. சுரைக்காய் என் தோளில் விழுந்தது.

"அந்தத் தடிச்ச கம்பி எங்கீங்க அத்தை?"

"அது உங்க மாஸ்டருக்குங்க. பலாப்பழத்துக்குக் காம்பு ஒடிஞ்சுபோச்சு, தூக்கறதுக்குப் புடி வேணுமில்லீங்களா? அதுலதான் கட்டிக் குடுத்தேன். இறுக்கமா நின்னுக்கிச்சு."

அப்படியே ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பேஸுக்குத் தடித்த கம்பிதான் உயிர். அது மாஸ்டரின் பலாப்பழத்தில் இருக்கிறது. கேட்டால் இன்று காலையில் கம்பி மாற்றினேன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் முதல் சட்டப்படி நான் வாத்தியக்காரனே இல்லை. கேட்காவிட்டால் தடித்த கம்பி ஊமை, இடது கை ஜெயித்துவிடும். அழுகை வந்தது. ஆடு ஒன்று என் கையிலிருந்த கம்பியை முகர்ந்து பார்த்தது.

அப்போது அமுதாவின் அண்ணன் ராசு வந்தார். அடிவாரத்தில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவர், நோம்பிக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் பையிலிருந்து ஒரு சுருள் கட்டுக்கம்பியை எடுத்தார்.

"மாப்ள, காந்தத்துக்கு இரும்புதானுங்க வேணும்? அந்த நைலானு மேல இதைச் சுத்திப்போட்டா ஏமாந்துக்காதுங்களா?"

முப்பத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத நல்ல யோசனை அது. அவர் அதுவரை பேஸைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

மேடைக்குப் பின்னால் வேலை நடந்தது. மூன்று இரும்புக் கம்பிகளையும் துடைத்து மாட்டினேன். காலையில் பள்ளங்களை அகலப்படுத்திவிட்டேன் அல்லவா, அவை இப்போது தொளதொளவென்று ஆடின. என் அளவு பீடியைப் பிரித்து, இலையை மடித்துப் பள்ளங்களுக்கு அடை வைத்தேன். தடித்த நைலான் கம்பியில் காந்தத்துக்கு நேர்மேலே ராசு மச்சான் கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்கினார், தூணுக்குக் கட்டுவது போலவே. மீட்டினேன். மெல்ல ஒரு சத்தம் வந்தது, மற்ற மூன்றுக்கும் பாதிதான். காந்தத்தின் இரண்டு பக்கமும் திருகு உண்டு. தடித்த கம்பிப் பக்கம் காந்தத்தை மேலே ஏற்றி, மெல்லிய கம்பிப் பக்கம் கீழே இறக்கினேன். நான்கும் சமமாயின.

மாஸ்டர் டம்ளரோடு வந்தார். ஊற்றினார், குனிந்தார். மெல்லிய கம்பி, தண்ணீர் நடுங்கியது. மூன்றாவது, இரண்டாவது, நடுங்கியது. தடித்த கம்பியை மீட்டினேன். அதுவும் நடுங்கியது. மாஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பேஸைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். ஆட்டு வாசம் அடித்திருக்க வேண்டும். தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவர் குடிக்காமல் போய் நான் பார்த்ததே இல்லை.

ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. ஊரே வந்திருந்தது. மாமியார் முன்வரிசையில் பேஸ் பெட்டிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னை விட்டுக் கண் எடுக்கவில்லை. ஐந்து பாட்டு நன்றாகவே போயிற்று. ஆறாவது பாட்டின் நடுவில் மாஸ்டர் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். நிறுத்து என்று பொருள். பிறகு செல்வத்தின் பக்கம் கண்ணைக் காட்டினார். செல்வத்தின் இடது கை இறங்கியது.

நான் கம்பிகளின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நின்றேன். பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

முன்வரிசையில் மாமியார் எழுந்து நின்றார். மேடைக்குக் கிட்டே வந்தார். பாடகர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் குரல் மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்டது.

"ஏனுங்க மாஸ்டரு, எங்கூட்டுக் கொடிக்கம்பி சத்தம் எங்கீங்க போச்சு?"

பாட்டு நின்றது. மாஸ்டர், "என்னங்கம்மா?" என்றார்.

"எங்க மாப்பள எங்கூட்டுக் கொடிக்கம்பிய அவுத்துக்கிட்டு வந்தாருங்க. அதுல அப்படி என்னதான் வாசிக்கறாருன்னு அது ஒண்ணையே கேட்டுக்கிட்டிருந்தேன். இத்தன நேரமா நெஞ்சுக்குள்ள தட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. இப்ப நின்னுபோச்சு. பாட்டு சப்புனு கெடக்குது. ஏன் நிறுத்தச் சொன்னீங்க?"

பின்னாலிருந்து யாரோ, "ஆமாங்க, என்னமோ கொறையுதுங்க" என்றார். அவர் நிஜமாகக் கேட்டாரா, மாமியாருக்குப் பயந்தாரா என்று தெரியாது. மாஸ்டர் குனிந்து பலாப்பழத்தின் பிடியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அதே விரலைக் கீழே இறக்கினார். நான் வாசித்தேன். வாழ்க்கையில் அப்படி வாசித்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் மாஸ்டர் கூப்பிட்டார். பலாப்பழம் மடியில் இருந்தது.

"சாமி" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், எனக்கு உயிர் வந்தது. "இதைத் தூக்கின ஒடனே தெரியும், பேஸ் கம்பின்னு. கைய அறுத்துப்போட்டுது. இது எங்கிட்ட இருக்கறப்ப உங்கிட்டயும் தடிச்ச கம்பி சத்தம் வருதேன்னுதான் தண்ணி எறங்கல. என்ன பண்ணுன?"

சொன்னேன். காந்தம், ஆடு, பீடி இலை, கட்டுக்கம்பி, ஒன்றும் மறைக்கவில்லை. அவர் பேஸைக் கையில் வாங்கி அந்த மூன்று சுற்றைத் தடவிப் பார்த்தார்.

"நாலுல இந்த ஒண்ணுதான் சாமி வட்டமா வந்துச்சு. மத்த மூணுக்கும் இதையே பண்ணு." எழுந்தவர், பேஸ் பெட்டியின் மேலிருந்த டம்ளரை எடுத்து, அப்படியே இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பலாப்பழத்தைப் பிடியோடு தூக்கிக்கொண்டு போனார். கம்பியைத் திருப்பித் தரவில்லை.

ஆகவே வாட்ஸ்அப்காரருக்கு என் பதில்: நைலான் கம்பி ஒரு செட், ஒரு சாண் கட்டுக்கம்பி, பீடி ஒன்று, பென்சில் ஒன்று, டம்ளர் ஒன்று. போன வருடம் ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் வாசித்தேன். செல்வத்தின் இடது கை அதுவரை சும்மாதான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே மாமியார் மூன்று கம்பிகளையும் எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார். இப்போது நானும் மலையேறி இங்கேயே குடிவந்துவிட்டேன். சேலத்தில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பேஸ்காரன் பெயரை யார் கேட்டார்கள்? வளப்பூர் நாட்டில் அப்படியில்லை. பஸ்ஸில் ஏறினால் இடம் தருகிறார்கள். "கொடிக்கம்பி வாசிச்ச மாப்பிள்ளைங்களா?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாங்க என்கிறேன்.